அரிசிப் பெட்டிக்குள் ஆறு பிளாப்பிகள்

வேலை கேட்டுப் போன அன்று டாக்டரம்மா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஊர் வர்த்தமானம் பேசுற பழக்கம் உண்டா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "திங்கட்கிழமை வந்துக்கோ" என்றார். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் தட்டச்சுச் சான்றிதழையும் நான் உறைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. கூச்சத்துக்காக வேலை கிடைத்த ஆள் எங்கள் பகுதியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இந்த ஆண்டு ஓய்வு பெறும் வரைக்கும் அதே இடத்தில், அதே கூச்சத்தோடு இருந்தேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கும் பாறசாலையில் மனநோய்க்கு வைத்தியம் பார்க்கும் சின்ன கிளினிக் அது. பலகையில் டாக்டரம்மாவின் பெயரும் பட்டமும் மட்டும் இருக்கும். என்ன நோய்க்கு என்று இருக்காது. தொண்ணூறுகளின் தொடக்கம். தூக்கம் வரவில்லை என்று ஒருவர் இப்படிப்பட்ட டாக்டரிடம் போனது தெரிந்தால் போதும், அந்த வீட்டில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் ஆள் வராது. அதனால் எங்கள் ஊர்களில் ஒரு ஏற்பாடு இருந்தது. நெய்யாற்றின்கரைக்காரர்கள் நாகர்கோவில் பக்கம் போய் மருந்து வாங்குவார்கள். மார்த்தாண்டத்துக்காரர்கள் எல்லை தாண்டி எங்களிடம் வருவார்கள். களியக்காவிளையில் இரண்டு பஸ்களும் ஒன்றையொன்று கடக்கும்போது, இரண்டிலும் ஜன்னலோரம் சிலர் தலையில் துண்டைப் போட்டுக் குனிந்திருப்பார்கள். நோயில்லாத நானும் அவர்களோடு சேர்ந்து குனிந்துகொள்வேன்.

என் வேலை கேஸ் ஷீட்டுகளைப் பார்த்துக்கொள்வது. ஒரு நோயாளிக்கு ஒரு தாள். அவர் சொன்னது, டாக்டரம்மா கொடுத்தது எல்லாம் அதில் இருக்கும். தாள்கள் பெருகி அலமாரி மூடாமல் போனபோது, "பழசை எல்லாம் களஞ்சிரு" என்றார் டாக்டரம்மா. கிழித்து எரி என்பது அவர் சொன்னதன் பொருள். நான் கட்டிக் கொண்டுபோய்ப் பழைய பேப்பர்க் கடையில் போட்டுவிட்டு, பெரிய காரியம் முடித்த நிறைவோடு திரும்பி வந்தேன்.

நான்காம் நாள் ஒரு நோயாளி உள்ளே வந்து, எண்ணெய் ஊறிய ஒரு தாளை டாக்டரம்மாவின் மேசையில் விரித்து வைத்தார். சந்திப்பில் இருந்த டீக்கடையில் பழபஜ்ஜி பொதிந்து கொடுத்த தாள். ஒரு பெண் தன் புகுந்த வீட்டைப் பற்றிச் சொன்னதெல்லாம் அதில் டாக்டரம்மாவின் கையெழுத்தில் இருந்தது.

"இது எனக்க சீட்டு இல்ல டாக்டரே. ஆனா அடுத்த பஜ்ஜி எனக்க சீட்டுல வராதுன்னு என்ன நிச்சயம்?" என்றார் அவர்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். அவர் கோபப்பட்டுக் கத்தி நான் பார்த்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். கோபம் எவ்வளவோ அவ்வளவு நேரம் துடைப்பார். அன்று கண்ணாடி தேய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

"தாணு, மிச்சத்தை எல்லாம் வாங்கிட்டு வா."

டீக்கடைக்கு ஓடினேன். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தாள்கள் அடுக்காக இருந்தன. அந்தத் தாளைக் கொடுங்கள் என்று கேட்டால் போதும். எதற்கு என்று கடைக்காரர் கேட்பார், நான் விளக்க வேண்டும், கடையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நினைத்ததுமே நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆகவே ஒரு பழபஜ்ஜி வாங்கினேன். அது பொதிந்து வந்த தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு இன்னொன்று வாங்கினேன். தனித்தனியாகப் பொதியச் சொன்னேன். கடைக்காரருக்குச் சந்தோஷம். பதினைந்தாவதுக்குப் பிறகு, "வீட்டுல விசேஷமா மக்கா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைக்கு அடுக்கு முழுவதும் தீர்ந்தது. பழைய பேப்பர்க் கடையில் கிடந்த மிச்சத்தை டாக்டரம்மாவே நேரில் போய் ஐந்து நிமிடத்தில் கேட்டு வாங்கி வந்துவிட்டார். எல்லாத் தாளையும் கிளினிக்கின் பின்பக்கம் வைத்து எரித்தோம். பஜ்ஜியை மூன்று நாள் தின்றேன்.

அதன் பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது. நெய்யாற்றின்கரையில் ஷாஜி சார் நடத்திய பயிற்சி நிலையத்துக்கு என்னை மூன்று மாதம் அனுப்பினார்கள். அங்கே நான் கற்றதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலியைப் பிடிக்கச் சொன்னார்கள், மேசைக்கு அடியில் பார்த்தேன். அவ்வளவு சொன்னால் போதும்.

டாக்டரம்மா ஏற்படுத்திய ஒழுங்குமுறையைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று பெரிய நிறுவனங்கள் வகுப்பெடுத்துச் சொல்வதை, அவர் ஒரு பழபஜ்ஜிக்குப் பயந்து தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

முதலாவது, பூட்டு. நோயாளிகளின் விவரம் இருந்த கோப்பை ஒரு ரகசியச் சொல் போட்டுப் பூட்டும் வசதியை ஷாஜி சார் செய்து தந்தார். பூட்டியபின் கோப்பைத் திறந்தால் திரையில் கிறுக்கலும் கட்டங்களும்தான் தெரியும். அந்தச் சொல்லை டாக்டரம்மா இரண்டாகப் பிரித்தார். முன்பாதி அவருக்கு மட்டும் தெரியும், பின்பாதி எனக்கு மட்டும். காலையில் அவர் வந்து தன் பாதியை அடிப்பார். பிறகு நான் என் பாதியை அடிப்பேன். அவர் அடிக்கும்போது நான் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அப்படி ஒரு விதி கிடையாது, நானாக ஏற்படுத்திக்கொண்டது. பெரியவர்கள் அடிப்பதைப் பார்க்கக் கூச்சம். மூன்று வருடம் காலையில் சுவரைப் பார்த்து நின்றதில், அங்கே தொங்கிய உரக்கம்பெனிக் காலண்டர் எனக்கு மனப்பாடம்.

"பேரு வைக்காதே, தெய்வத்துக்க பேரும் வைக்காதே. பொறந்த நாளு வைக்காதே. எங்கயும் எழுதி வைக்காதே" என்பார்.

"மறந்து போனா டாக்டரம்மா?"

"நீ மறக்கமாட்டே. உனக்கு மனசுல வைக்க வேற ஒண்ணும் இல்லியே."

தான் திடீரென்று இறந்துபோனால் நோயாளிகளின் கதி என்ன என்று யோசித்து, தன் பாதியை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு அரக்கு வைத்து என்னிடமே தந்தார். உறையின் மேல், "என் மரணத்துக்குப் பின் மட்டும்" என்று தட்டச்சு செய்யச் சொன்னார். தட்டச்சு செய்யும்போது எனக்குக் கண் கலங்கியது. "இப்ப இல்ல தாணு" என்றார்.

இரண்டாவது, காப்பு. சனிக்கிழமைதோறும் எல்லா விவரத்தையும் பிளாப்பித் தட்டுகளில், கட்டுக்கு ஆறாக, இரண்டு கட்டு நகலெடுக்க வேண்டும். ஒரு கட்டு கிளினிக் அலமாரியில் இருக்கும். மற்றது வேறு கூரைக்கு அடியில், அதாவது பனச்சமூட்டில் என் வீட்டில். அதை நான் வாரந்தோறும் சோற்றுப் பாத்திரத்தில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். எல்லைப் பகுதியில் அப்போது அரிசி கடத்தலுக்குச் சோதனை உண்டு. ஒருமுறை போலீஸ்காரர் பாத்திரத்தைத் திறந்து, உள்ளே இருந்த சதுரங்களைக் கண்டு, "இது என்ன பலகாரம்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் இரண்டு ஸ்டாப் போய்விட்டது.

மூன்றாவதுதான் முக்கியம். மாதம் ஒருமுறை, வீட்டிலிருந்து வந்த கட்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, அது உண்மையிலேயே திறக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் இரண்டரை வருடம் ஒழுங்காகச் செய்தேன். ஒவ்வொரு மாதமும் அது திறந்தது. தினமும் விடிகிற சூரியனை யார் போய்ச் சோதிப்பார்கள்? கடைசி நான்கு மாதம் திறந்து பார்க்காமலேயே 'சரி' என்று எழுதினேன். கையெழுத்து மட்டும் மிக அழகாகப் போட்டேன்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, டாக்டரம்மா ஒரு மாநாட்டுக்காக டெல்லி ரயில் ஏறினார். போய்ச்சேர இரண்டரை நாள். கைப்பேசி இல்லாத காலம். ரயிலில் இருப்பவர் உலகத்திலேயே இல்லாதவர் மாதிரிதான். கிளம்பும்போது, "மத்தியானம் இடி உண்டு. மழை மூடினா கம்ப்யூட்டருக்க பிளக்கைப் பிடுங்கிரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மழை மூடியது. எனக்கு இடி என்றால் பயம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினேன். அடுத்த நிமிடம் பக்கத்துத் தோப்பில் தென்னையில் இடி விழுந்தது. கண்ணைத் திறந்தபோது கையில் இருந்தது டேபிள் ஃபேனின் பிளக். கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மேலே, அலமாரிக்குள் ஓட்டு இடுக்கு வழியாக மழை ஒழுகி, கிளினிக்கில் இருந்த காப்புக் கட்டு குளித்துக்கொண்டிருந்தது. போனும் செத்துப்போயிருந்தது. பரவாயில்லை, வீட்டில் ஒரு கட்டு இருக்கிறது, டாக்டரம்மா வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு சரோஜினி அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

அக்கா என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவள். அவள் வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். சார் மூன்று வருடமாக எங்கள் நோயாளி. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை நானும் அவரும் ஒரே ஸ்டாப்பில் நின்று, ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே இடத்தில் இறங்கி, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை என்பதுபோல கிளினிக்குக்குள் நுழைவோம். கவுண்டரில் நான் பேர் கேட்பேன். "சுகுமாரன், காட்டாக்கடை" என்பார். இரண்டும் பொய் என்று எனக்குத் தெரியும்; எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அப்படியே தட்டச்சு செய்வேன். சார் இப்போது உயிரோடு இல்லை. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மாத்திப் போடு" என்றாள். எல்லாப் பேரையும் மாற்றியிருக்கிறேன். என் பேரை மட்டும் மாற்றவில்லை.

"தாணு, அவருக்க சீட்டை எடு" என்றாள் அக்கா.

டாக்டரம்மா கற்பித்த வாக்கியம் ஒன்று உண்டு. அதைச் சொன்னேன். "அப்படி ஒருத்தர் இங்க வாறாரா இல்லியான்னு நாங்க சொல்லப்பிடாது."

"எலே, மூணு வருசமா ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல குலுங்கி வாறீங்க. இப்ப அவரை உனக்கு அறியாதாக்கும்?"

"அப்படி ஒருத்தர் இங்க வாறாரா இல்லியான்னு..."

"சவமே, நான் அழவா, உன்னை அடிக்கவா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

கவுண்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னது இது. சார் ஒரு மாதத்துக்கு முன் மருந்தை நிறுத்திவிட்டார். நோய் போய்விட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டார். நாலு நாளாகக் கண் மூடவில்லை. முந்தின நாள் பள்ளிக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று பாடம் நடத்தினார். இப்போது நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ஒரு ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்த இளம் டாக்டர் ஊசி போட்டு உறங்கவைக்க வேண்டும் என்கிறார்.

"முதல்ல சொகமில்லாம வந்தப்ப ஒரு ஊசி போட்டு உடம்பு மரக்கட்டை மாதிரி விறைச்சு, காய்ச்சல் கண்டு, சாவப் பாத்தாரு. அது என்ன ஊசின்னு டாக்டர் கேக்காரு. எனக்கு என்ன தெரியும்? அந்த ஆஸ்பத்திரிச் சீட்டை வெக்கப்பட்டு அடுப்புல போட்டுட்டாரு மனுசன். இங்க உள்ள டாக்டரம்மைக்குத் தெரியும்னு சொன்னேன். ஒரு மணி வரைக்கும் பாப்பேன், அதுக்கு மேல தாங்காது, கையில உள்ளதைப் போட்டுருவேன்னு சொல்லிட்டாரு."

எனக்குத் தெரியும். அந்த ஊசியைப் பற்றிய வரியைத் தட்டச்சு செய்ததே நான்தான். 'இந்த மருந்தை இவருக்கு ஒருபோதும் போடக் கூடாது' என்று டாக்டரம்மா சொல்லச் சொல்லப் பெரிய எழுத்தில் அடித்தேன். அந்த வரி திரையில் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றதும், அதை நேராக்க நான் பட்ட பாடும் ஞாபகம் இருந்தது. மருந்தின் பெயர் மட்டும் ஞாபகம் இல்லை.

"அக்கா, ஆட்டோவைத் திருப்பச் சொல்லு" என்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கவுண்டருக்கு வெளியே கேட்கும்படி நான் பேசிய முதல் வாக்கியம் அது.

பனச்சமூட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் எதிரில் சார் பேரைச் சொல்ல முடியாது. "அவருக்க சீட்டு வேற பேருல இருக்கு அக்கா, சுகுமாரன்னு..." என்று அவள் காதருகே முணுமுணுத்தேன்.

"சுகுமாரனா? அது எனக்க அண்ணன் பேருல்லா!"

ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்து நேரானது.

"எனக்க அண்ணன் பேருலயா மூணு வருசம் பைத்தியத்துக்கு மருந்து வாங்கித் தின்னாரு? எங்க கல்யாணத்துல எனக்க அண்ணன் இவருக்கு மோதிரம் குறைச்சுப் போட்டான்னு இன்னும் மனசுல வச்சிருக்காரு பாத்தியா. எந்திச்சு வரட்டு. எந்திச்சு மட்டும் வரட்டு, நான் கேக்குற கேள்வியில..." என்று தொடங்கியவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பிவிட்டார்.

வீட்டில் பிளாப்பிகளை நான் வைத்திருந்தது அரிசிப் பெட்டிக்குள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் எல்லாவற்றிலும் பூஞ்சை பிடிக்கும், செருப்பில்கூடப் பிடிக்கும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று நானே யோசித்துச் செய்த ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. குத்தரிசிக்குள் கையை விட்டுக் கட்டை எடுத்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து அரக்கு வைத்த உறையை எடுத்தேன். 'என் மரணத்துக்குப் பின் மட்டும்.' நான் அடித்த எழுத்துகள்தான். ரயிலில் எங்கோ ஜன்னலோரம் காலை நீட்டிக் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருக்கும் டாக்டரம்மாவை நினைத்தேன். உறையைத் திறப்பது அவரைக் கொல்வதுபோல இருந்தது. கை வரவில்லை.

வாசலில் நின்ற அக்கா, "மணி ஒன்பதரை" என்றாள். திறந்தேன்.

உள்ளே ஒரு தாள், அதில் ஒரு சொல். டாக்டரம்மாவின் கையெழுத்தில். வெளியே தட்டச்சு செய்யச் சொன்னவர், உள்ளே தன் கையால் எழுதிவிட்டார். மழையில் நனைந்த எறும்பு ஒன்று தாளின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கால் இழுத்துப் போனதுபோல இருந்தது. முதல் எழுத்து எஸ்ஸா ஜியா என்றுகூடத் தெரியவில்லை. ஷாஜி சார் தந்த பூட்டைவிட அது பலமான பூட்டு.

டாக்டரம்மாவின் எழுத்தை உலகத்தில் ஒரே ஒருவரால்தான் வாசிக்க முடியும். எங்கள் கிளினிக்குக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்த ராஜப்பன் அண்ணன். மூன்றாவது ஆளுக்குத் தெரியவே கூடாத சொல்லை, கூட்டம் நின்ற மருந்துக்கடையில் நீட்டினேன். அண்ணன் சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். மேல் தட்டுகளைப் பார்த்தார்.

"இது ஸ்டாக் இல்லியே தாணு. நாளைக்கு வரும். அவசரமுன்னா வேற கம்பெனி தரட்டா?"

"மருந்து இல்ல அண்ணே. அது ஒரு சொல்லு. எழுத்து எழுத்தா எழுதித் தாங்க."

"மருந்து இல்லியா? பின்ன டாக்டரம்மைக்கு வேற என்ன எழுதத் தெரியும்?" என்றார். ஆனாலும் எழுதித் தந்தார். எழுதி முடித்து வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சொல்லை நான் இப்போதும் சொல்ல மாட்டேன். அது அவருக்குப் பிடித்த ஒரு பலகாரம் என்பதை மட்டும் சொல்லலாம். பஜ்ஜி பொதிந்த தாள்களின் மேல் அவருக்கு எவ்வளவு கோபமோ, அந்தப் பலகாரத்தின் மேல் அவ்வளவு பிரியம் இருந்திருக்கிறது.

நெய்யாற்றின்கரையில் ஷாஜி சாரின் பயிற்சி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே கால். வகுப்பில் பத்துப் பெண்கள் தட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் வாசலிலேயே திரும்பியிருப்பேன். முதல் பிளாப்பியைப் போட்டோம். கம்ப்யூட்டர் கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. வாசிக்க முடியவில்லை என்றது. இரண்டாவதும் அப்படியே. ஷாஜி சார் பிளாப்பியை எடுத்து, அதன் தகட்டு மூடியை விரலால் தள்ளித் தலைகீழாகத் தட்டினார். மேசையில் கொஞ்சம் தவிடு விழுந்தது.

"தாணு, இதுல கஞ்சி வைக்கலாமே."

பத்துப் பெண்களும் சிரித்தார்கள். பூஞ்சையிலிருந்து காப்பாற்ற அரிசிக்குள் வைத்தேன்; குத்தரிசியின் தவிடு ஒவ்வொரு வாரமும் உள்ளே புகுந்திருக்கிறது.

"போன மாசம் திறந்து பாத்தப்ப சத்தம் வந்துதா?" என்று கேட்டார் ஷாஜி சார்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கல சார்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"நாலு மாசமா பாக்கல. பாத்ததா எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அழகாகப் போட்ட நான்கு கையெழுத்துகளும் கண்முன் வரிசையாக வந்து நின்றன. நான்கில் ஒரு மாதம் சோதித்திருந்தால், தவிடு அன்றே தெரிந்திருக்கும்.

ஷாஜி சார் ஒரு பெண்ணை அனுப்பிச் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி வரச்செய்தார். நுனியில் பஞ்சு சுற்றிய ஈர்க்கை ஸ்பிரிட்டில் நனைத்து, உள்ளிருந்த கறுப்பு வட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றித் துடைத்தார். காயவைத்தார். மறுபடி துடைத்தார். ஆறு பிளாப்பிகள். ஒவ்வொன்றுக்கும் கால் மணிநேரம். ஒன்று, இரண்டு, மூன்று திறந்தன. நாலாவது கடைசிவரை திறக்கவில்லை. அதில் இருந்த நோயாளிகளின் பழைய விவரம் அன்றோடு போனது. அவர்களிடம் டாக்டரம்மா பிறகு ஒவ்வொருவராகத் திரும்பக் கேட்டு எழுத வேண்டியிருந்தது. ஐந்தாவதில் பூட்டிய கோப்பு வந்தது. டாக்டரம்மாவின் பாதியை அடித்தேன். சுவரைப் பார்க்க மறந்துவிட்டேன். என் பாதியை அடித்தேன். கிறுக்கல்கள் மறைந்து எழுத்து வந்தது. சுகுமாரன், காட்டாக்கடை. நடுவே வலப்பக்கம் தள்ளி நின்ற அந்த வரி.

மருந்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எத்தனையோ பேரைக் குணமாக்கிய மருந்து அது. சாருக்கு மட்டும் ஆகாது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடும்போது மணி பார்க்கவில்லை. சார் கட்டிலில் கட்டப்பட்டிருந்தார். மூன்று பேர் பிடித்திருக்க, உரத்த குரலில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு வந்த தாளை நீட்டினேன். இளம் டாக்டர் வாசித்தார். திரும்பித் தட்டைப் பார்த்தார். அதில் மருந்து ஏற்றி வைத்திருந்த ஊசியை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே பீய்ச்சிவிட்டு, நர்ஸிடம் வேறு ஏதோ சொன்னார்.

"அதுதானா?" என்றாள் அக்கா.

"அதுதான்" என்றார் அவர்.

அடுத்து நடந்தது எனக்கு நினைவில்லை. சார் வேறு ஊசியில் நல்லபடியாக உறங்கிவிட்டார் என்றும், மயங்கி விழுந்த என்னைப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள் என்றும் பிறகு அக்கா சொன்னாள். "அவரை விட நீதான் அதிக நேரம் கிடந்தே" என்றாள்.

டாக்டரம்மா டெல்லியிலிருந்து வந்ததும் எரிந்த கம்ப்யூட்டரையும், உடைந்த அரக்கையும், தவிட்டையும் வரிசையாகச் சொன்னேன். பதிவேட்டையும் விரித்து வைத்தேன். அவர் உறையை எடுத்துப் பார்த்தார்.

"அப்போ என்னைக் கொன்னுட்டே தாணு."

"ஆமா டாக்டரம்மா."

பிறகு கண்ணாடியைக் கழற்றினார். பழபஜ்ஜி நாளைவிட அதிக நேரம் துடைத்தார். பேனாவை என் கையில் தந்து, நான்கு 'சரி'களையும் என் கையாலேயே அடிக்கச் சொன்னார். பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதச் சொன்னார். வேலையை விட்டு அனுப்புவார் என்று நின்றேன். "சனியாழ்ச்ச வாறப்ப கட்டைக் கொண்டுவா. எனக்க முன்னால திறக்கணும்" என்றார். ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருவர் முன்னால் திறந்தேன்.

அடுத்த இரண்டாவது சனிக்கிழமை சார் வழக்கம்போல வந்தார். பஸ்ஸில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கவுண்டருக்கு வந்ததும் குனிந்து, "பேரை மாத்தணும்" என்றார்.

"சார், உள்ள பேரையே போடட்டா?"

"சும்மா இரி. உள்ள பேரு வேண்டாம். அளியன் சுகுமாரனுக்க பேரும் இனிமே ஆவாது, வீட்டுல சோறு இல்ல." கொஞ்சம் யோசித்தார். "உனக்க பேரைப் போடு."

"எனக்க பேரா?"

"பின்ன? உன்னைப்பத்தி ஊருல ஒருத்தனும் ஒண்ணும் பேசமாட்டான். பேச என்ன இருக்கு?"

மறுத்துப் பேச எனக்கு வராது. சிவதாணு, பனச்சமூடு என்று அடித்தேன். அந்த ஊசி இவருக்கு ஆகாது என்ற வரியையும் அடியில் அடித்தேன். இந்த முறை நேராக நின்றது. இருபது வருடத்துக்கும் மேலாக அந்தப் பேரில் சார் ஒழுங்காக மருந்து சாப்பிட்டார், ஓய்வு பெற்றார், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், பழைய விவரங்களை எல்லாம் புதிய முறைக்கு மாற்றும் வேலைக்கு இரண்டு இளம்பெண்கள் வந்தார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். முதல் வாரம் என்னைக் கேலி செய்துகொண்டே இருந்தார்கள். இரண்டாவது வாரம் திடீரென்று கேலி நின்றது. எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். சாயாவில் சீனி கூட வேண்டுமா என்று கேட்டார்கள். ஒருத்தி என் பக்கத்தில் வந்து, மெதுவாக, யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

"அண்ணா, மருந்து எல்லாம் ஒழுங்கா சாப்பிடுகீங்க, இல்லியா?"

அவள் திரையில் என்ன பார்த்தாள் என்று எனக்கு உடனே புரிந்தது. விளக்கிச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்தில் இன்னொருவர் பேர் வரும்.

"சாப்பிடுகேன் மக்களே" என்றேன்.